விருந்தின் இலக்கணத்தில் விடுபட்ட படர்க்கை

பண்டிகையும் திருமணப் பருவமும் நெருங்கும்போதெல்லாம் விருந்து நாகரிகம் பற்றிய அறிவுரைகள் பெருகுகின்றன. விருந்தினர் வெறுங்கையோடு வரலாகாது, தட்டில் மிச்சம் வைக்கலாகாது. வீட்டார் முகம் கோணாமல் உபசரிக்க வேண்டும், போதும் என்றாலும் இன்னொரு முறை கேட்க வேண்டும். இவை அனைத்திலும் இருவரே உளர்: அழைப்பவர், அழைக்கப்பட்டவர். தன்மை உண்டு, முன்னிலை உண்டு, படர்க்கை இல்லை. சமைத்து, பரிமாறி, எல்லோரும் எழுந்த பின் எஞ்சியதை உண்ணும் பெண்தான் விடுபட்ட அந்தப் படர்க்கை.

மொழியும் இந்த மறைப்புக்குத் துணைநிற்கிறது. இந்தி பேசும் வீடுகளில் உணவுக்கு அழைக்கும் தொடர் ‘கானா லக் கயா’ என்பது. உணவு தானே வந்து அமைந்துவிட்டது என்பது போன்ற அமைப்பு அது. தமிழில் ‘இலை போட்டாச்சு’ என்பார்கள். போட்டவர் யார் என்பதற்கு அத்தொடரில் இடமில்லை. இத்தகைய தொடர்கள் வேறு சூழல்களிலும் வழங்குபவைதாம். ஆயினும் அடுப்படியில் நிற்பவரை மறப்பதற்கு இவை மிகவும் வசதியானவை.

ராஜஸ்தானின் ‘மனுஹார்’ பெரிதும் புகழப்படும் வழக்கம்: விருந்தினர் மறுக்க மறுக்க அன்போடு வற்புறுத்தி உண்ணவைப்பது. கூடத்தில் அமர்ந்து ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என வற்புறுத்துபவர் ஒருவர். அந்த ஒன்றுக்காகத் தவாவின் முன் நிற்பவர் வேறொருவர். புல்கா சூடாகத் தட்டில் விழ வேண்டும் என்பது வட இந்திய வீடுகள் பலவற்றில் எழுதப்படாத விதி. அவ்விதி நீடிக்கும் வரை ரொட்டி சுடுபவர் மற்றவரோடு அமர்ந்து உண்பது இயலாது.

இது வெறும் மனக்குறை அன்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினர். மாதவிடாய், மகப்பேறு எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் பருப்பும் கீரையும் இறைச்சியும் தீர்ந்த பிறகு பாத்திரத்தின் அடியில் கிடப்பதை உண்ணும் வழக்கம் அந்தக் குறையைத் தீர்க்கப்போவதில்லை.

‘அன்பினால் செய்கிறார்கள், அதில் அவர்களுக்கு மகிழ்ச்சி’ என்பது வழக்கமான மறுமொழி. அன்பே காரணம் எனில், அவ்வன்பு ஆண்களுக்கு ஏன் வாய்க்கவில்லை? விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்லும் தைத்திரீய உபநிடதம், வேதக் கல்வி முடித்த மாணவனை நோக்கியே அதைச் சொல்கிறது. கடமை அவனுக்கு விதிக்கப்பட்டது. நிறைவேற்றுபவள் அவன் வீட்டுப் பெண்.

மாற்று வழி இந்நாட்டிலேயே உண்டு. தமிழின் ‘பந்தி’யும் பஞ்சாபியின் ‘பங்கத்’தும் வரிசையைக் குறிக்கும் ‘பங்க்தி’ என்ற ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. குருத்வாரா லங்கரில் அந்த வரிசை சாதியும் செல்வமும் பாராது தரையில் அமைகிறது. ஆணும் பெண்ணும் மாவு பிசைகிறார்கள், பரிமாறுகிறார்கள், தட்டுக் கழுவுகிறார்கள். அமிர்தசரஸ் பொற்கோவிலில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் இவ்வாறே உண்கிறார்கள். அத்தனை பேருக்கு இயல்வது, முப்பது உறவினர் கூடும் வீட்டில் இயலாது என்பது நம்பத்தக்கதன்று.

ஆகவே விருந்து நாகரிகத்தின் முதல் விதி இதுவாகட்டும்: சமைத்தவர் அமராமல் எவரும் கை நனைக்கலாகாது. ரொட்டியை முன்னரே சுட்டு ஹாட்பாக்ஸில் வைக்கலாம். சற்று ஆறினால் குடி மூழ்கிவிடாது. இடம் போதாமல் இரண்டு பந்தி வேண்டுமெனில், முதற்பந்தியில் சமைத்த பெண்கள் உண்ணட்டும், ஆண்கள் பரிமாறட்டும். விருந்தினரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ‘சமையல் அருமை’ என்ற பாராட்டுக்கு முன் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இன்னும் சாப்பிடாதவர் யார்?’