சுமையும் வலிமையும்

வலிமை ஆடவர்க்கு அணி. மென்மை மகளிர்க்கு அணி என்று ஒரு கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கேட்பதற்கு இனிய கருத்தே அது. ஆயின், அதனை ஏற்றுக்கொள்ளுமுன் ஒருமுறை கழனிப் பக்கம் சென்று பார்த்தல் நன்று.

செஞ்சி வட்டாரத்தில் மேல்சித்தாமூர் என்னும் பழைய ஊர் ஒன்று உண்டு. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் அங்கு அமைந்திருப்பதால் அவ்வூரைப் பலர் அறிவர். சுற்றியுள்ள ஊர்களில் நெல்லும் நிலக்கடலையும் விளையும். அறுவடை எந்திரங்கள் பரவுவதற்கு முன்பு, அறுத்த நெல்லைக் களத்திற்குக் கொண்டு சேர்த்தவர்களுள் மகளிர் பலர். தலையில் சும்மாடு வைத்து, ஈரம் உலராத கட்டை மற்றொருத்தி தூக்கிவிட, வழுக்கும் வரப்பின்மேல் அவர்கள் நடந்தனர். வீடு திரும்பினால் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் காத்திருந்தன. இச்சுமைகளை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

தென்பாண்டி நாட்டு ஊர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிய இளைஞனை ஊரே கூடிப் புகழ்ந்தது. செஞ்சிக் கோட்டையில் இராசகிரியின் அடிவாரத்தே நெற்களஞ்சியமும் உடற்பயிற்சிக் கூடமும் இன்றும் நிற்கின்றன. கூடத்தில் உடலை உரமாக்கியவர் செய்தது பயிற்சி எனப்பட்டது. களஞ்சியத்தை நிரப்பிய நெல்லைக் கழனியிலிருந்து சுமந்தவர் செய்தது வேலை எனப்பட்டது. இரண்டிற்கும் வேண்டியது ஒரே உடல்வலிமைதான். ஒன்று எண்ணப்பட்டது, மற்றொன்று எண்ணப்படவில்லை.

பளுதூக்கும் போட்டி எண்ணிப் பார்க்கும் போட்டியாகும். உடலெடைக்கு ஏற்பப் பிரிவுகள் உண்டு. ஆதலின், சிறிய உடலினர் பெரிய உடலினரோடு மோத வேண்டுவதில்லை. தூக்கும் முறைகள் இரண்டு. இரும்புத் தண்டைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்துவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, பின்னர் மேலே உயர்த்துவது கிளீன் அண்டு ஜெர்க். ஒவ்வொன்றிற்கும் மூன்று வாய்ப்புகள். இரண்டிலும் சிறந்தவற்றைக் கூட்டினால் வருவதே முடிவு. முரட்டுத்தனம் இங்குப் பயன்படாது. கால்களும் இடுப்பும் பளுவை மேலே செலுத்த வேண்டும்; அது மேலெழும் நொடிப்பொழுதில் உடல் அதற்குக் கீழே புகுந்து தாங்க வேண்டும்.

இந்த அரங்கில் மகளிர்க்கு இடம் எளிதில் கிடைத்ததா? 1896ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே ஆடவர் பளுதூக்கினர். மகளிர்க்கென உலகப் போட்டி 1987ஆம் ஆண்டில்தான் முதன்முதல் நடந்தது. ஒலிம்பிக் வாயில் அவர்களுக்குத் திறந்தது 2000ஆம் ஆண்டில், சிட்னி நகரில். அங்கு ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த கர்ணம் மல்லேசுவரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. வாயில் திறந்த அன்றே உள்ளே சென்று பதக்கத்தோடு திரும்பியவரின் நாட்டில், மகளிர்க்கு வலிமை இயல்பன்று என்று எவ்வாறு கூறுவது?

குறைந்த எடைப் பிரிவில் இதற்கு முன்னரே வழி காட்டியவர் மணிப்பூரின் குஞ்சராணி தேவி. 1989ஆம் ஆண்டில் மான்செசுடரில் நடந்த உலகப் போட்டியில் அவர் மூன்று வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். பின்னாளில் அவரைப் பற்றிய செய்தி எட்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. அதைப் படித்தவர்களுள் ஒருத்தி, வில்வித்தை பயில விரும்பியிருந்த மீராபாய் சானு. அவர் வில்லை விடுத்துப் பளுவை நாடினார். (பாடநூல் தேர்வுக்கு மட்டுமே உதவும் என்று எண்ணுவோர் இதனைக் கருதுவாராக.)

நோங்போக் காக்சிங் என்னும் சிற்றூரில் பிறந்த மீராபாய், சிறு வயதில், தம் தமையனால் தூக்க இயலாத விறகுக் கட்டைத் தலையில் ஏற்றி வீட்டிற்குக் கொண்டுவந்தவர். அத்தகைய சிறுமியர் செஞ்சிப் பக்கத்திலும் இருந்திருப்பர். அவருக்கு வாய்த்த பயிற்சியாளரும் பயிற்சிக்களமும் இவர்களுக்கு வாய்க்கவில்லை. வேறுபாடு உடலில் இல்லை; வாய்ப்பிலேதான் உள்ளது. அந்தப் பயிற்சிக்களமும் அவருக்கு அண்மையில் இருந்ததன்று. இம்பாலுக்குச் செல்ல வழியில் வரும் லாரிகளில் ஏறிச் சென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்றபின் அந்த ஓட்டுநர்களைத் தேடி அழைத்துச் சிறப்புச் செய்தார்.

பெருமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டில் ரியோ ஒலிம்பிக்கில் ஆறு வாய்ப்புகளுள் ஒன்றே அவருக்குக் கைகூடியது. மொத்த எடை கணக்கில் ஏறாமலே திரும்பினார். அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் அனகைம் நகரில், 48 கிலோ பிரிவில் 194 கிலோ தூக்கி உலக வாகையர் ஆனார். 2021 சூலை 24ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 87, மற்றதில் 115, ஆக 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். அதற்கு மூன்று திங்கள் முன்பு தாஷ்கண்டில் அவர் தூக்கிய 119 கிலோ அப்போதைய உலகச் சாதனை. தம் உடலைப்போல் இருமடங்கிற்கும் மேலான எடை அது!

பளுதூக்கினால் பெண்ணின் உடல் கெடும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். சுமை உடலைக் கெடுக்கும் என்பது ஓரளவு உண்மையே. முறையறியாது கழுத்திலும் முதுகிலும் நாள்தோறும் ஏற்றப்படும் சுமை கெடுக்கும்; பசித்த வயிற்றோடு தூக்கும் சுமை மேலும் கெடுக்கும். ஆயினும், விறகுக் கட்டைத் தடுக்காதவர் இரும்புத் தண்டைத் தடுப்பதில் என்ன நியாயம் உண்டு? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர். வீட்டில் எல்லார்க்கும் படைத்தபின் எஞ்சியதை உண்பவளே பல இடங்களில் மிகுதியாகச் சுமப்பவளாகவும் இருக்கிறாள். அஞ்ச வேண்டியது இதற்கன்றோ? பளுதூக்கும் வீராங்கனைக்கு முட்டையும் பாலும் பருப்பும் ஓய்வும் அளந்து தரப்படுகின்றன. ஊரில் சுமக்கும் மகளுக்கும் அவை உரியனவே.

2024ஆம் ஆண்டில் பாரிசு ஒலிம்பிக்கில் மீராபாய் தூக்கியது 199 கிலோ. வெண்கலம் பெற்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200 கிலோ. ஒரே கிலோவில் பதக்கம் நழுவியது. 2025ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஃபோர்டே நகரில் நடந்த உலகப் போட்டியில், 31 வயதில், அவர் மீண்டும் மேடையேறினார். பாரிசில் தூக்கிய அதே 199 கிலோவைத் தூக்கினார். இம்முறை அதற்கு வெள்ளி கிடைத்தது.