வேலை முடிந்த பிறகு லோரி யாருக்குச் சொந்தம்?

தோட்டத் தோழர்களே!

2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் மோதிக்கொண்டதில் ஒன்பது போலீசார் மாண்டனர். அதன்பின் லோரிகள் மீது அரசாங்கத்தின் பிடி இறுகியது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாகியது. நல்லதுதான். ஆனால், வேலை முடிந்து சாவி டிரைவரின் சட்டைப் பையில் இருக்கிறதே, அந்த நேரத்தைப் பற்றி நம் தோட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை.

பகாவ், தம்பின், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் இது புதிய சங்கதி அல்ல. பஸ் எட்டிப் பார்க்காத லயங்கள் உண்டு. செம்பனைக் குலையை ஆலையில் கொட்டிவிட்டு வந்த லோரி, மாலையில் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகும். திருவிழாவுக்கு ஆள் ஏற்றும். "அண்ணே, ஆஸ்பத்திரி வரைக்கும் கொஞ்சம் விட்டுடுங்க" என்றால், மாட்டேன் என்று சொல்ல எந்த டிரைவருக்கு மனம் வரும்? மண்டோரும் "சீக்கிரம் வந்துடுப்பா" என்று தலையை ஆட்டியிருப்பார். விபத்து நடந்த மறுநாள் கேட்டுப் பாருங்கள். "நான் சொல்லவே இல்லை" என்பார் மண்டோர். "எனக்குத் தெரியவே தெரியாது" என்பார் குத்தகைக்காரர். எஞ்சி நிற்பவர் டிரைவர் ஒருவரே.

சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, சொக்சோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பும் வழியிலும், வேலை சம்பந்தமான பயணத்திலும், சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடப் போய்வரும்போதும் நேரும் விபத்தை வேலை விபத்தாக ஏற்கிறது. ஆனால் சொந்தக் காரியத்துக்காக வழி மாறினால் அப்படி ஏற்காது. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தால் ஒரு கணக்கு. வீட்டைத் தாண்டிச் சந்தைக்குப் போனால் வேறு கணக்கு.

இரண்டாவது, இன்சூரன்ஸ். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ரோட்டில் போகிற பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் பாதுகாப்பு எடுத்திருப்பது கட்டாயம். ஆனால் லோரியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலை ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றிச் செல்லப்படும் தொழிலாளியின் நிலை வேறு. திருவிழாவுக்குப் போகும் பெண்டு பிள்ளைகளின் நிலை வேறு. இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் 2002 டிசம்பரில், சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது.

மூன்றாவது, முதலாளியின் பொறுப்பு. இது குதிரை வண்டிக் காலத்திலேயே வழக்குக்கு வந்த விஷயம். ஒயின் வியாபாரி ஒருவரின் வண்டிக்காரன் சரக்கைக் கொடுத்துவிட்டுக் காலிப் போத்தல்களோடு திரும்பினான். ஆபீசுக்குக் கொஞ்ச தூரமே இருந்தது. கூட வந்த குமாஸ்தா, தன் சொந்த வேலையாக வேறு திசையில் வண்டியை விடச் சொன்னார். அந்த வழியில் ஒருவர் மீது வண்டி ஏறிவிட்டது. முதலாளி பொறுப்பல்ல என்று 1869-இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்த்தது. பயணம் முதலாளியின் காரியத்துக்கா, சொந்தக் காரியத்துக்கா என்ற அந்தக் கேள்வியைத்தான் நம் நாட்டு நீதிமன்றங்களும் கேட்கின்றன.

அமெரிக்காவில் இதை எழுத்தில் போட்டுவிட்டார்கள். ஓய்வு நேரத்தில் லாரி டிரைவர் தங்குமிடத்திலிருந்து சாப்பாட்டுக் கடைக்குப் போகலாம், வேலையிடத்திலிருந்து வீட்டுக்குப் போகலாம். அது வேலை நேரமாகாது. அடுத்த சரக்கை ஏற்றப் போவது சொந்தப் பயணமாகாது. 2018-இல் வந்த விளக்கம் இது. கம்பெனி விரும்பினால் இன்னும் கடுமையாகவும் தடுக்கலாம். ஆக மொத்தம், எது கூடும், எது கூடாது என்பது இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரியும். நம் தோட்டத்தில் இருப்பதோ மண்டோரின் தலையசைப்பு மட்டுமே.

எனவே டிரைவர் தோழர்களே, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தேதி, வண்டி எண், போகும் இடம், ஆபீஸ் கையெழுத்து, இந்த நாலும் போதும். உரிமையாளரின் சம்மதமில்லாமல் வண்டியை எடுப்பதே குற்றம் என்பதை மறக்க வேண்டாம். பாலிசியில் 'உபயோக வரம்பு' என்ற பகுதியைக் கிராணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துண்டுச் சீட்டு இருக்கிறதே என்று பின்தட்டில் ஆள் ஏற்றாதீர்கள். அந்தச் சீட்டு அவர்களைக் காப்பாற்றாது. உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் 999-க்கு அழையுங்கள்.

டிரைவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பஸ் இல்லாததால்தானே ஜனங்கள் லோரியைப் பிடிக்கிறார்கள்! திருவிழாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் முறையான வேன் வேண்டும் என்று தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் கேளுங்கள். அடுத்த திருவிழாவுக்குக் கொடி ஏறுமுன் கேளுங்கள். ஊருக்கு உதவப் போன டிரைவரின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது.