குறி வேண்டாம், சொல் வேண்டும்

கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நம் பிள்ளைகள் விஷயம்.

உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளை ஒருத்தி, யூடியூபில் பார்த்த பைதன் நிரலைக் காட்டி, "டீச்சர், இது ஈமெயில்ல வர்ற @ தானே? இங்க என்ன செய்யுது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அதற்குப் பெயர் டெகரேட்டர். மடுவத்தில் கொழுந்து நிறுப்பதை நினையுங்கள். நிறுப்பது ஒரு வேலை. அதைச் சுற்றி, பெயர் பதிவதும் கழிவு பிடிப்பதும் வேறு வேலை. தராசைத் தொடாமலே கணக்கு மாறிவிடும். டெகரேட்டரும் ஒரு ஃபங்ஷனின் உள்ளே கை வைக்காமல் அதைச் சுற்றி வேலை சேர்க்கிறது.

முன்பு பைதனில் இதை ஃபங்ஷன் முடிந்த பிறகு, கீழேதான் எழுதினார்கள்:

நிறு = கழிவு(நிறு)

மேலிருந்து வாசிப்பவருக்குக் கழிவு இருப்பது கடைசியில்தான் தெரியும். மடுவத்தில் அப்படி நடந்தால் சும்மா இருப்போமா? 2003இல் பெப் 318 என்ற முன்மொழிவு எழுதப்பட்டது. 2004 நவம்பரில் வந்த பைதன் 2.4 அந்த வரியை ஃபங்ஷனுக்கு மேலே ஏற்றியது. இடம் சரிதான். குறிதான் பிழை. @ வேண்டாம், "யூசிங்" என்ற சொல்லை வைப்போம் என்று பலர் சேர்ந்து கேட்டார்கள். பைதனை உருவாக்கிய குய்டோ வான் ரொஸம் ஏற்கவில்லை.

அது அவர்கள் மொழி. நம்மிடம் முத்து அண்ணாமலை உருவாக்கிய "எழில்" இருக்கிறது. அதில் ஃபங்ஷனுக்கு "நிரல்பாகம்", ரிட்டர்னுக்கு "பின்கொடு". நிபந்தனை எழுத @ ஏற்கெனவே அங்கே வேலை செய்கிறது. நாளை எழிலில் டெகரேட்டர் சேர்ப்பவர்கள் பைதனைப் பார்த்து அதே குறியை ஒட்டினால், ஒரே குறிக்கு இரண்டு வேலை. பிள்ளை குழம்பும்.

என் யோசனை இதுதான்:

அணி கழிவு
நிரல்பாகம் நிறு(கூடை)

டெகரேட்டர் என்றால் அலங்கரிப்பது. அணி என்றாலும் அதுதான். அணியிலக்கணம் படித்த பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. சிறப்பிக்கும் சொல் முன்னால் வருவதும் தமிழின் இயல்பு.

"தமிழில் நிரல் எழுதி யாருக்கு வேலை கிடைக்கும்?" என்று கேட்பவர்களுக்கு: பைதனையும் படிக்கட்டும். நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் விளங்கிப் படித்த பிள்ளைதான் வேலையில் நிற்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அவள் கையில் கொடுத்தது சொல்லா, வெறும் குறியா என்று பாருங்கள்.