மரக்காலை மாற்றாதே!

பண்ணையார் வீட்டில் இரண்டு மரக்கால் இருக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். குத்தகை நெல் வாங்கப் பெரிய மரக்கால். கூலி நெல் அளக்கச் சின்ன மரக்கால். எண்ணிக்கையில் தவறு இராது. ஆனால் உழைத்தவன் வயிறு மட்டும் காயும்.

டில்லி பார்லிமெண்டில் தமிழ்நாட்டின் ஸ்தானங்களைப் பற்றிய சர்ச்சையும் இந்த மரக்கால் சர்ச்சைதான். ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இதன் வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

வெள்ளையன் காலத்தில் சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவனுக்கே ஓட்டு. 1952-ல்தான் பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். சென்னை ராஜ்யத்துக்கு அன்று 75 ஸ்தானங்கள். ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் சேர்ந்திருந்த காலம் அது. 1953-ல் ஆந்திரா பிரிந்தது. 1956-ல் மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தன. 1957-ல் நமக்கு 41. இது நியாயமான கணக்கு.

1967-ல் நடந்தது வேறு. நாடு முழுவதற்கும் 494 ஆக இருந்த ஸ்தானங்கள் 520 ஆயின. நமக்கோ 41 என்பது 39 ஆயிற்று. நம் ஜனத்தொகை மற்றப் பகுதிகளின் வேகத்தில் பெருகவில்லை. அதுதான் நாம் செய்த குற்றம்! அந்தச் சீரமைப்பில் திருவண்ணாமலைத் தொகுதியின் பெயரும் போயிற்று. நம் ஊர் திருப்பத்தூரோடு சேர்க்கப்பட்டது. 2009 தேர்தலில்தான் பெயர் திரும்பி வந்தது.

1976-ல் 42-வது திருத்தம் 1971 கணக்கின்படி ஸ்தானங்களை நிறுத்தி வைத்தது. 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிந்திய முதல் ஜனத்தொகைக் கணக்கு வரை நீட்டியது. இந்தக் கெடு முடிந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

ஒரு தோழர் கேட்கலாம்: “பீகார் தொழிலாளியின் ஓட்டுக்கு மட்டும் மதிப்புக் குறைவா? அவனும் நம் வர்க்கந்தானே?” கேள்வி நியாயமானது, மழுப்பக் கூடாது. அவன் நமக்குப் பகைவன் அல்ல. ஆனால் பார்லிமெண்ட் தலைகளை மட்டும் எண்ணும் இடமல்ல. பல மொழி மக்கள் சேர்ந்து வாழச் செய்துகொண்ட உடன்பாடு. குடும்பக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொன்னது மத்திய சர்க்கார். சொன்னபடி நடந்தவனுக்கு அபராதமா? பீகாருக்குப் பத்து எம்.பி. கூடினால் அங்குள்ள கூலிக்காரனுக்கு ஒரு பிடி அரிசியும் கூடாது. டில்லியில் குவிந்த அதிகாரமும் நிதியும் ராஜ்யங்களுக்கு வந்தால் இருவர் அடுப்பும் எரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எத்தனை பேர் என்பதோடு, யார் என்பதும் முக்கியம். 1952-ல் மாயூரத்திலிருந்து ரயில்வேத் தொழிலாளர் தலைவர் அனந்த நம்பியார் சென்றார். 1957-ல் மதுரையிலிருந்து கே.டி.கே. தங்கமணி; 1967-ல் அதே மதுரையிலிருந்து பி. ராமமூர்த்தி. 2004-ல் தமிழ்நாட்டிலிருந்து இடதுசாரிகள் நால்வர். நாடு முழுவதும் ஏறத்தாழ அறுபது பேர். மறு ஆண்டே நூறு நாள் வேலைச் சட்டம் பிறந்தது!

அந்தப் பலம் தேய்ந்த பின் நடந்ததென்ன? 29 தொழிலாளர் சட்டங்கள் நான்காகச் சுருக்கப்பட்டு 2025 நவம்பரில் அமலுக்கு வந்தன. டிசம்பரில் நூறு நாள் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் நிறைவேறியது. நம் 39 ஸ்தானங்களையும் 2024-ல் வென்ற அணி எதிர்த்தும் தடுக்க முடியவில்லை. இன்றைய பங்கு இருந்தே இந்தக் கதி. அதுவும் குறைந்தால்?

ஆகவே நம் பங்கில் ஒரு குன்றிமணியும் குறையக் கூடாது. 2025 மார்ச் 22-ல் சென்னையில் கூடிய தமிழ்நாடு, கேரளம், பஞ்சாப், தெலுங்கானா முதலமைச்சர்கள், இப்போதைய நிலை மேலும் 25 ஆண்டு தொடர வேண்டும் என்று கேட்டார்கள். அதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் முதலமைச்சர்கள் பேசினால் போதும் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களை 2021-ல் முறியடித்தவர்கள் யார்? டில்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்த விவசாயிகள்!

சங்கக் கூட்டத்திலும் களத்து மேட்டிலும் இதைப் பேசுங்கள், தோழர்களே. அளக்கிறவன் கையில் மரக்கால் இருக்கலாம். அதை மாற்றாமல் காவல் நிற்க வேண்டியது நாம்தான்.