கரண்டின் மேல் பழி போடாதீர்கள்

தேனி, போடி, கம்பம் பக்கம் எல்.பி. இசைத்தட்டு கேட்பவர்கள் "சுருதி தள்ளாடுது" என்று சொன்னால் உடனே வரும் பதில், "நம்ம ஊர் வோல்டேஜ் அப்படி, ஸ்டெபிலைசர் போடுங்க" என்பதுதான். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அவர் இசைத்தட்டுகளை அவர் வைத்த சுருதியிலேயே நாம் கேட்க வேண்டாமா? தவறான காரணத்தை நம்பிக் காசை இறைப்பதற்கு முன், சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "வோல்டேஜ் ஆடினால் வேகமும் ஆடும்."

ஏ.சி. சின்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது வோல்டேஜ் அல்ல, ஃப்ரீக்வென்சி. 230 வோல்ட் 200 ஆனால் முறுக்குவிசை குறையும், வேகம் குறையாது. டி.சி. மோட்டாருக்கு உள்ளிருக்கும் சர்க்யூட்டே வோல்டேஜைச் சீராக்கிக் கொடுக்கிறது. பழைய இண்டக்‌ஷன் மோட்டார்களில் மட்டும், வோல்டேஜ் மிகவும் தாழ்ந்தால் வேகம் சற்றுக் குறையும். அந்த அளவுக்கு மட்டுமே இந்த வாதம் உண்மை.

2. "அப்படியானால் ஃப்ரீக்வென்சி ஆடுகிறது."

தொண்ணூறுகளில் தென்மண்டலத்தில் அது 49 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிய நாட்கள் உண்டு. இன்று நிலைமை வேறு. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு இணைந்தது. நம் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப் பவர் ஹவுஸும் காற்றாலைகளும் நாடு முழுவதற்குமான அதே ஃப்ரீக்வென்சியில்தான் ஓடுகின்றன. அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 வரை. 49.90-க்கே இறங்கினாலும் வேகம் 0.2 சதவீதம்தான் குறையும். அது அரை ஸ்வர இடைவெளியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு.

3. "வெளிநாட்டு பிளேயருக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும்."

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஃப்ரீக்வென்சியை மாற்றாது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சின்க்ரனஸ் மோட்டார் இங்கே 33⅓-க்குப் பதில் நிமிடத்துக்குச் சுமார் 27.8 சுற்றுதான் சுற்றும். சுருதி மூன்று அரை ஸ்வரத்துக்கு மேல் இறங்கிவிடும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் கப்பிதான் மாற்ற வேண்டும்.

4. "ஸ்ட்ரோப் கோடு அசையாமல் நின்றால் வேகம் சரி."

50 ஹெர்ட்ஸ் மின்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். அதற்கு ஏற்ப, வேகம் பார்க்கப் பயன்படும் ஸ்ட்ரோப் தட்டில் 180 கோடுகள். சின்க்ரனஸ் மோட்டாரும் விளக்கும் ஒரே கரண்டில் ஓடுவதால், ஃப்ரீக்வென்சி தாழ்ந்தாலும் கோடு நின்றபடியே தெரியும். பெல்ட் வழுக்குவதை இந்தச் சோதனை காட்டும். உண்மையான வேகத்தைக் காட்டாது.

குற்றவாளி பெரும்பாலும் பிளேயரிலோ தட்டிலோதான் இருக்கிறது. தளர்ந்த பெல்ட், இறுகிப்போன ரப்பர் சக்கரம், எண்ணெய் காய்ந்த பேரிங், நடுவில் அமையாத துளை. துளை அரை மில்லிமீட்டர் விலகினாலே, கடைசிப் பாட்டில் வேகம் 0.8 சதவீதம் கூடியும் குறைந்தும் அலையும். இது மேலே சொன்ன ஃப்ரீக்வென்சி இறக்கத்தைப் போல நான்கு மடங்கு. 1.8 நொடிக்கு ஒருமுறை சுருதி அலைந்தால் தட்டைச் சந்தேகியுங்கள். ஒழுங்கில்லாமல் இழுத்தால் பெல்ட்டையும் பேரிங்கையும் பாருங்கள்.

ஸ்டெபிலைசர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். தட்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி, ஊசி ஓடும்போதே சுற்றுகளை எண்ணுங்கள். சரியான பிளேயர் 100 சுற்றை மிகச் சரியாக 3 நிமிடத்தில் முடிக்கும். 2 நொடி கூடினாலே வேகம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவு என்று பொருள். முதலில் பெல்ட்டை மாற்றுங்கள், பேரிங்கில் எண்ணெய் விடுங்கள், பிறகு மறுபடி எண்ணிப் பாருங்கள்.