மருந்தடிச்சா குட்டை சுத்தமாயிடுமா?

எங்க தோட்டத்துக் குட்டையில வெங்காயத்தாமரை மண்டிக் கிடந்தது. ஆள் வச்சு அள்ளினா செலவாகுமேன்னு களைக்கொல்லி அடிச்சேன். மூணு வாரத்துல மொத்தமும் கருகிடுச்சு. எனக்கு ஒரே பெருமை! ஆனா செத்த செடியெல்லாம் உள்ளயே அழுகி, தண்ணில இருந்த ஆக்சிஜனைக் காலி பண்ணிடுச்சு. ஒரு விடியக்காலைல பார்த்தா கெண்டை மீனெல்லாம் வயிறு காட்டி மிதக்குது :(

என்னைக் கேட்டா, சின்னக் குட்டைக்கு மருந்தே வேண்டாம். பூக்கறதுக்கு முன்னாடியே வேரோட இழுத்து, கரையை விட்டுத் தள்ளிக் காயப் போடணும். விதை விழுந்துட்டா சேத்துக்குள்ள 15, 20 வருஷம்கூட உயிரோட கிடக்கும். அதைவிட முக்கியம், மாட்டுத்தொழுவத் தண்ணி குட்டையில கலக்காம தடுக்கறது. அந்தச் சத்துலதான் அது கொழுக்குது. நாமளே பந்தி வச்சுட்டு, விருந்தாளி கிளம்பலையேன்னு புலம்பினா எப்படிங்க?