உயிர்மீனை இரையாகப் போடலாமா?



கோடை விடுமுறையில் போன இடங்களைப் பற்றிப் பலபேர் இந்தச் சுவர்ப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் இது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியது. வாசித்துச் சிரிக்கலாம், பரவாயில்லை. கடைசிவரை வாசியுங்கோ.

எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அப்பாவோடு, மாமாவோடு மீன் பிடிக்கப் போகிறவர்கள். அவர்களிடம் மஸ்கி என்று சொன்னாலே கண் விரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மஸ்கி வட அமெரிக்காவில் மட்டும் வாழும் நன்னீர் மீன். நீளமான உடம்பு, வாத்தின் அலகு மாதிரி வாய், வாய் நிறையப் பல். 1988 இல் ஜோர்ஜியன் விரிகுடாவில், மூன் ஆற்றுப் பக்கம் பிடிபட்ட ஒரு மஸ்கி 65 இறாத்தல் இருந்தது. பத்தாயிரம் தரம் எறிந்தால்தான் ஒன்று பிடிபடும் என்று இந்த மீனுக்கு ஒரு பெயரும் உண்டு.

போன வருடம் யூலையில் கவர்த்தா ஏரிகளில் ஒன்றுக்குப் போக வீட்டில் முடிவு செய்தார்கள். எனக்கு மஸ்கி பிடிக்கும் ஆசை. ஒரு வீடியோவில் ஒருவர் உயிரோடு இருக்கும் சன்ஃபிஷ் ஒன்றின் முதுகில் முள்ளைக் குத்தி மஸ்கிக்குப் போடுவதைப் பார்த்திருந்தேன். சன்ஃபிஷ் என்பது உள்ளங்கை அளவான, சட்டியில் பொரிக்கிற சின்ன மீன். பேர்ச், கிராப்பி போன்றவற்றோடு சேர்த்து இதையும் பான்ஃபிஷ் என்பார்கள். பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம், ஒன்ராறியோ ஏரிக்கரையில் மண்புழு போட்டு நாலு சன்ஃபிஷ் பிடித்தேன். வாளியில் ஏரித் தண்ணீர் விட்டு, காற்றுக் குமிழி விடும் சின்ன மெசினும் போட்டு, காரில் கொண்டுபோனோம்.

அடுத்தநாள் முழுக்க ஒரு மஸ்கியும் வரவில்லை. முதுகில் முள்ளோடு அந்தச் சன்ஃபிஷ் மட்டும் மிதவைக்குக் கீழே மணித்தியாலக் கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த தங்கச்சி, "அண்ணா, அதுக்கு நோகாதா?" என்று கேட்டாள். "மீனுக்கு என்ன நோ, சும்மா இரு" என்றேன். ஆனால் பிறகு அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பொழுதுபட்டதும் முள்ளைக் கழற்றி அதை விட்டேன். வாளியில் மிச்சம் இருந்த மூன்றையும், "பாவம், போகட்டும்" என்று தண்ணீரோடு ஏரிக்குள் ஊற்றினேன்.

அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்தேன். உண்மையில் அன்றைக்கு நான் செய்த மிகப்பெரிய பிழையே அதுதான்.

பனிக்காலத்தில் ஒருநாள், எத்தனை அங்குல மஸ்கியை வைத்திருக்கலாம் என்று பார்க்க ஒன்ராறியோ மீன்பிடி விதிகளைத் திறந்தேன். இரை மீன் பற்றிய பக்கமும் கண்ணில் பட்டது. எந்த மீன்களை இரையாகப் போடலாம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் சன்ஃபிஷ் இல்லை, மஞ்சள் பேர்ச்சும் இல்லை. சன்ஃபிஷ்ஷை உயிரோடு ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது. இரை வாளியை ஏரிக்குள் ஊற்றவும் கூடாது, ஏரியிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டவும் கூடாது. 2022 இலிருந்து மாகாணத்தையே நாலு இரை வலயங்களாகப் பிரித்து, இரையை வலயம் விட்டு வலயம் கொண்டுபோகவும் தடை போட்டிருக்கிறார்கள். நான் ஒரே நாளில் மூன்று விதிகளை மீறியிருந்தேன்!

ஒரு சின்ன மீனுக்கு இவ்வளவு சட்டமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தேடிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது.

2005 இல் ஒன்ராறியோ ஏரியின் குயின்ரி விரிகுடாவில் மீன்கள் செத்து மிதந்தன. வி.எச்.எஸ். என்ற வைரஸ்தான் காரணம். அது மனிதரை ஒன்றும் செய்யாது, ஆனால் மீனின் உடம்புக்குள்ளே இரத்தம் கசிய வைக்கும். அதே வருடம் சென். லோறன்ஸ் ஆற்றில், ஆயிரம் தீவுகள் பக்கம், பெரிய பெரிய மஸ்கிகளும் அந்த நோயால் செத்தன. சன்ஃபிஷ்ஷுக்கும் அந்த வைரஸ் தொற்றும். பார்வைக்கு நல்ல சுகமாக இருக்கும் மீனிலும் அது இருக்கலாம். நான் காரில் கொண்டுபோனது நாலு மீனை மட்டும் இல்லை, ஒன்ராறியோ ஏரியின் தண்ணீரையும்தான். மஸ்கி பிடிக்கப் போன நான், மஸ்கியைக் கொல்லும் நோயையே அந்த ஏரிக்குக் கொண்டுபோயிருக்கக் கூடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்து மீனான ரவுண்ட் கோபி, கப்பல்களின் தண்ணீரோடு பேரேரிகளுக்கு வந்தது. 2004 இல் சிம்கோ ஏரியில் விழும் பெஃபர்லா ஓடையிலும் அது தென்பட்டது. யாரோ ஒருவரின் இரை வாளியில் வந்திருக்கும் என்றுதான் கருதுகிறார்கள். அடுத்த வருடம் ஓடைக்கு மருந்து அடித்தும் அதை ஒழிக்க முடியவில்லை. அந்த யாரோ ஒருவரும் என்னைப்போல "பாவம், போகட்டும்" என்றுதான் நினைத்திருப்பார்.

நண்பர்கள் சிலரோடு இதைப் பற்றிக் கதைத்தேன். அவர்கள் சொன்னவற்றுக்கு என் பதில் இது.

"மஸ்கி எப்படியும் சின்ன மீனைத் தின்னுதுதானே, நீ போட்டால் என்ன?" தின்னும்தான். ஆனால் சன்ஃபிஷ் அதற்கு அவ்வளவு விருப்பமான சாப்பாடு இல்லை. தட்டையான உடம்பு, முதுகில் குத்தும் முள். சக்கர் போன்ற நீளமான, முள்ளில்லாத மீன் கிடைத்தால் மஸ்கி அதைத்தான் விரும்பும். முள் கூடின மீனை நாங்கள் கோப்பையில் ஒதுக்குகிற மாதிரித்தான்.

"பிடிச்சிட்டுத் திருப்பி விடுறதுதானே, மஸ்கிக்கு என்ன நட்டம்?" இதுதான் முக்கியமான கேள்வி. உயிர் இரையை மஸ்கி விழுங்கும்வரை காத்திருந்து இழுத்தால், முள் வயிற்றுக்குள் போய்க் கொழுவும். விஸ்கான்சினில் இதை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார்கள். அப்படி முள்ளை விழுங்கிய மஸ்கிகள் நீந்திப் போனாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரு வருடத்துக்குள் செத்துவிட்டன. ஒரு பெண் மஸ்கி முட்டையிடவே ஆறேழு வருடம் ஆகும். படம் எடுத்துவிட்டு விட்டோம் என்று நாங்கள் சந்தோஷப்படுகிறோம், அது எங்கோ ஆழத்தில் கிடந்து சாகிறது.

"அமெரிக்காவில சில மாநிலங்களில விடுறாங்கள்தானே?" ஓம், சில இடங்களில் அனுமதி உண்டு. அங்கேயும் பல இடங்களில் அதே ஏரியில் பிடித்த மீனாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஊரில நாங்களும் உயிர் இறாலைக் கொழுவிப் போட்டனாங்கள்தான். ஆனா கடலில எடுத்ததைக் கடலிலதான் போட்டம் தம்பி, வாளியில காவிக்கொண்டு திரியேல்லை" என்றார். நான் இவ்வளவு வாசித்து விளங்கிக்கொண்டதை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார்.

மீன் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் மீன் பிடிக்கிறவன், வீட்டில் சன்ஃபிஷ் பொரித்தால் முதல் கோப்பை எனக்குத்தான். என் கருத்து இதுதான்: மஸ்கிக்கு உயிருள்ள பான்ஃபிஷ்ஷை இரையாகப் போடாதேங்கோ. மரத்திலும் றப்பரிலும் செய்த பொய் இரை கடைகளில் இருக்கிறது. பத்தாயிரம் தரம் எறிய வேண்டும் என்றால் எறிவோம், கைதானே நோகும். ஒரு ஏரித் தண்ணீரை இன்னொரு ஏரியில் ஊற்றாதேங்கோ. சின்னத் தம்பி தங்கச்சிமார் பாவம் பார்த்து ஊற்றப் போனாலும் மறித்து, ஏன் என்று சொல்லிக் கொடுங்கோ. எனக்கு அன்றைக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அந்த ஏரிக்கு என்னால் ஏதாவது நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. அதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது.

இந்த வருடமும் அங்கே போனோம். வாளியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மஸ்கி பிடிபடவில்லை.

வேறு கருத்து உள்ளவர்கள் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தாளில் எழுதுங்கோ. நானும் வாசிப்பேன்.



— தரம் 10 மாணவன்